ஆட்டோடாக் வினா: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பாத்த பொறவு

ஆட்டோடாக் வினாங்கறது ஒரு மூலக்கூறு என்சைமுக்குள்ள எப்டி உக்காரும்னு கணக்குப் போட்டுப் பாக்கற கம்ப்யூட்டர் புரோகிராம், அந்த வேலைக்குப் பேருதான் டாக்கிங். அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கேன். கொறஞ்ச ஒரு ஸ்டாருக்கு காரணம் கீழ இருக்கு. எங்க பக்கம் மூலிகைல பிஎச்டி பண்ணுத பிள்ளைய நெறைய பேரு இந்த டாக்கிங்ங்கற ஒரு சாப்டருக்காக காசு குடுத்துட்டு, வந்த ரிசல்ட்ட திருப்பிக்கூட பாக்காம தீசிஸ்ல ஒட்டி வைக்காவ, நானும் அப்டித்தான் குடுத்தேன், அதனாலதான் இந்த ரிவ்யூவ எழுத உக்காந்தேன்.

நான் பாட்டனி. ஊரு முக்கூடல் பக்கம். எங்கம்மா பீடி சுத்துதா, சொளவ மடில வச்சி காலைல சம்மணம் போட்டு உக்காந்தா மத்தியானம் சோத்துக்குத்தான் எந்திப்பா, அந்த எந்திக்கதுக்கே செவுத்த புடிக்கணும், ரெண்டு முட்டும் வீங்கிக் கெடக்கும். வலி தாங்காம மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவா, போட்டா ராத்திரி தூங்கிருவா, ஆனா நாலு நாள்ல வயிறு எரியுதுன்னு மோர குடிச்சிட்டு நிப்பா. முட்டுக்குப் போட்ட மாத்திரை வயித்துல ஏன் எரியணும், இந்த ஒரு கேள்விதான் என்னை இந்த வேலைக்குள்ள இழுத்துட்டு வந்தது.

விஷயம் என்னன்னா, செல் சவ்வுலேருந்து அராக்கிடோனிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு அமிலத்த பாஸ்ஃபோலிப்பேஸ் ஏ2ங்கற என்சைம் வெட்டி எடுக்கும், அத சைக்ளோஆக்ஸிஜினேஸ்ங்கற என்சைம், சுருக்கமா காக்ஸ், புடிச்சி புரோஸ்டாகிளாண்டின் பக்கம் அனுப்பும், 5-லிப்பாக்ஸிஜினேஸ் புடிச்சா லூக்கோட்ரையீன் பக்கம் போயிரும். வீக்கம், சூடு, வலி எல்லாம் இந்த வழிலதான் வருது. காக்ஸ்ல ரெண்டு இருக்கு. காக்ஸ்-1 வயித்து உள்சுவர காப்பாத்துத வேலையவும் பாக்குது, காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி வந்த எடத்துல கூடுது. டைக்ளோஃபினாக் ரெண்டையும் அடைக்கும், அதான் அம்மாவுக்கு வயிறு எரியுது. ரெண்டு என்சைமும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல இருந்தாலும் 523-வது எடத்துல காக்ஸ்-1ல ஐசோலூசின்ங்கற அமினோ அமிலம் இருக்கு, காக்ஸ்-2ல அதவிட சின்ன வேலின் இருக்கு, அந்த கொஞ்சோண்டு எடம் விட்டதுல காக்ஸ்-2க்கு பக்கவாட்டுல ஒரு சின்ன அறை தெறந்து கெடக்கு. செலிகாக்ஸிப்ங்கற மருந்து அந்த அறைக்குள்ள கைய விட்டுத்தான் காக்ஸ்-2ஐ மட்டும் புடிக்குது. அதே வழில வந்த ரோஃபிகாக்ஸிப்ப மாரடைப்பு ஆபத்துன்னு 2004ல உலகம் பூரா சந்தைலேருந்து எடுத்துட்டாவ, அதனால காக்ஸ்-2ஐ மட்டும் அடைச்சா எல்லாம் சரியாயிரும்னும் நெனைக்கக்கூடாது.

ஆட்டோடாக் வினா என்ன பண்ணும்னா, என்சைமோட முப்பரிமாண வடிவத்தையும் நம்ம செடில உள்ள மூலக்கூறையும் குடுத்தா, இது அந்த பள்ளத்துல எப்டியெல்லாம் உக்காரும்னு திருப்பி, மடக்கி, சொழட்டிப் பாத்து, எந்த உக்காருதல் நல்லாருக்கோ அதுக்கு கிலோகலோரி கணக்குல ஒரு மார்க் போடும், மைனஸ்ல எவ்வளவு கீழ போகுதோ அவ்வளவு நல்ல பிடின்னு அர்த்தம். அமெரிக்காவுல ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல ஓலெக் டிராட்டும் ஆர்தர் ஓல்சனும் செஞ்சது, 2010ல பேப்பரா வந்தது, மூல நிரலோட இலவசம். 2021ல 1.2 வந்துட்டு, அதுல ஒரே ஓட்டத்துல வரிசையா நெறைய மூலக்கூற குடுக்கலாம், பழைய ஆட்டோடாக் மார்க் முறையையும் சேத்துருக்காவ.

இப்பம் காசு குடுத்த கதைக்கு வாரேன். முதல் வருஷம் எனக்கு கம்ப்யூட்டர்ல வேர்டும் எக்ஸலும்தான் தெரியும். தெரிஞ்ச அக்கா ஒருத்தி ஒரு டாக்கிங் சர்வீஸ் நம்பர் குடுத்தா, பேர சொல்ல விரும்பல. முடக்கத்தான், நொச்சி, தழுதாழை மூணுலேருந்தும் பன்னெண்டு மூலக்கூற நான் எழுதி அனுப்பினேன், ஆறாயிரத்து ஐந்நூறு ரூவா, அம்மா பீடிச் சங்கத்துல எடுத்த பணம் அதுல பாதி. பத்து நாள்ல ஒரு வேர்டு ஃபைல் வந்துட்டு, ரிப்பன் மாதிரி சுருண்ட புரோட்டீன், நடுவுல பச்சையா மூலக்கூறு, கோடு கோடா ஹைட்ரஜன் பிணைப்பு, பாக்கவே அழகா இருந்துச்சு. நான் அனுப்புனதுல ருட்டின்ங்கற மூலக்கூறுதான் முதல் எடம், செலிகாக்ஸிப்ப விட நல்ல மார்க்குன்னு போட்டுருந்தாவ. நான் சந்தோசத்துல அன்னைக்கே கைடு மேடத்துக்கு அனுப்பிட்டேன்.

டாக்டரல் கமிட்டி மீட்டிங்ல வெளிலேருந்து வந்த சார் ஒருத்தர் படத்த ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "ஹீம் எங்கம்மா?" எனக்கு கேள்வியே புரியல. காக்ஸ் என்சைம்ல ஒரு பக்கம் அராக்கிடோனிக் ஆசிட் போற நீளமான குகை, இன்னொரு பக்கம் இரும்பு வச்ச ஹீம் உக்காந்துருக்க பள்ளம், அந்த ஹீம் இல்லாம என்சைம் வேலையே பாக்காது. அந்த சர்வீஸ்காரவ எடுத்த வடிவத்தோட பதிவுக் குறி 1சிஎக்ஸ்2, 1996ல வந்த எலியோட காக்ஸ்-2, எஸ்சி-558ங்கற செலிகாக்ஸிப்போட நெருங்கின சொந்தக்காரன் உள்ள உக்காந்துருக்கும், ஹீமும் இருக்கும். ஆனா தயார் பண்ணும்போது ஃபைல்ல ஹெட்டாட்டம்னு ஆரம்பிக்கற வரிய எல்லாத்தையும் ஒரேயடியா அழிச்சிட்டாவ, தண்ணி போகணும், பழைய மருந்து போகணும், சரிதான், ஆனா ஹீமும் அதே தலைப்புலதான் இருக்கும், அதும் சேந்து போயிட்டு.

வீட்டுக்கு வந்து சர்வீஸ்காரவ குடுத்த ருட்டின் ஃபைலையும் ஒரிஜினல் 1சிஎக்ஸ்2வையும், வடிவத்த திரைல காட்டுத பைமால்ங்கற புரோகிராம்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சிப் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. ருட்டின் உக்காந்துருந்தது ஹீம் இருக்க வேண்டிய பள்ளத்துலயே! ஹீமோட வளையத்துக்கு மேலயே ருட்டினோட வளையம் கெடக்கு. வினா எந்த எடத்துல தேடணும்னு குறிக்கற பெட்டிய புரோட்டீன் பூரா மூடுத மாதிரி பெருசா வச்சிருக்காவ, பெரிய மூலக்கூறு எங்க பெரிய ஓட்டை இருக்கோ அங்க போயி விழுந்துட்டு. உடம்புக்குள்ள அந்த ஓட்டையே கெடையாது, ஹீம் உக்காந்துருக்கும். ஃபோன் போட்டு கேட்டேன், "எல்லாருக்கும் இப்டித்தான் மேடம் பண்ணுதோம், பப்ளிஷ் ஆயிருக்கு"ன்னாரு. பணத்த திருப்பிக் கேக்கல, கேட்டுருக்கணும்.

அதுக்குப் பொறவுதான் வினாவ நானே எறக்கினேன். பழைய லேப்டாப், ஐ5, எட்டு ஜிபி ராம், இது போதும், பெரிய கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாம், நாலு கோரையும் அதுவே புடிச்சிக்கும். கருப்புத் திரைல கமாண்ட் அடிக்கணும்ங்கறதுதான் முதல்ல பயம். என்சைமயும் மூலக்கூறையும் பிடிபிக்யூடின்னு ஒரு வடிவத்துக்கு மாத்தணும், பெட்டியோட நடுப்புள்ளியும் நீள அகல உயரமும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதணும், அவ்வளவுதான், ஓட ஆரம்பிச்சிரும். ஃபோல்டர் பேருல எடவெளி விட்டுருந்தா ஃபைலே கெடைக்கலன்னு நிக்கும், அதுல எனக்கு ஒரு சாயங்காலம் போச்சு.

முதல் வேலையா எந்தச் செடியயும் வைக்காதீய. கிரிஸ்டல்ல, அதாவது சோதனைல எடுத்த என்சைம் வடிவத்துல, ஏற்கனவே உக்காந்துருக்க மருந்த வெளிய எடுத்து, நெளிச்சு, திரும்ப அதே பள்ளத்துல வினாவ விட்டு வைக்கச் சொல்லுங்க, ரீடாக்கிங்ம்பாவ. பழைய எடத்துக்கும் புது எடத்துக்கும் உள்ள வித்தியாசம் 2 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள (அணு அளவுல நீளம் அளக்கற அலகு) வந்தாத்தான் நம்ம செட்டப் சரின்னு பொதுவா ஒத்துக்கிடுவாவ. எனக்கு முதல் தடவை அறுபது சொச்சம் வந்துச்சு. ரெண்டு நாள் மண்டைய ஒடைச்ச பொறவு பாத்தா, 1சிஎக்ஸ்2ல ஏ, பி, சி, டின்னு நாலு சங்கிலி இருக்கு, நான் புரோட்டீன ஏ-லேருந்தும் மருந்த பி-லேருந்தும் எடுத்துருக்கேன். மருந்தையும் ஏ-லேருந்தே எடுத்து, ஹீம அப்டியே வச்சி, பெட்டிய இருபதுக்கு இருபதா சுருக்கி ஓட்டினேன், 2க்கு நல்லாவே கீழ வந்துட்டு, திரைல பழையதும் புதுசும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னத பாத்து அம்மாவ கூப்ட்டு காட்டினேன். அம்மா கைல பீடித் தூளோட வந்து எட்டிப் பாத்தா, "ஏட்டி, முடக்கத்தான் எதுட்டி இதுல?" "இன்னும் வைக்கலம்மா, இது பூட்டு சரியா இருக்கான்னு பாக்கது." "பூட்டுக்கே மூணு மாசமா? முடக்கு அறுத்தான்னு பேருலயே வச்சிருக்காவ, ஆச்சி ஒனக்கு தோசை சுட்டுத் தரலியா?"ன்னா.

அம்மா சொன்னதுலயும் ஒரு விஷயம் இருக்கு. தோசைல போற முடக்கத்தான்ல இருக்கது என்ன? எபிஜெனின், லூட்டியோலின் மாதிரி ஃப்ளேவனாய்டு இருக்கு, ஆனா இலைல பெரும்பாலும் சர்க்கரை ஒட்டின வடிவத்துல இருக்கும், கொடல்ல போயி சர்க்கரை கழண்டு, ஈரல்ல போயி வேற ஒண்ணு ஒட்டி, ரத்தத்துல சுத்துத வடிவமே வேறயா இருக்கும். நம்ம டாக் பண்ணுதது பாட்டில்ல இருக்க வடிவம். ருட்டினயே எடுத்துக்கோங்க, எடை 610, ஹைட்ரஜன் குடுக்கற கை பத்து, வாய் வழியா போடுத மருந்துக்கு மருந்து விஞ்ஞானி லிப்பின்ஸ்கி 1997ல சொன்ன எல்லையான 500, அஞ்சு ரெண்டையும் தாண்டிட்டு. வினா மார்க்ல பெரிய மூலக்கூறுக்கு இயல்பாவே சாதகம் இருக்கு, தொடுத எடம் கூடக் கூட மார்க் கூடும், அதனால பட்டியல்ல முதல் அஞ்சும் ஏதாவது கிளைக்கோசைடா, அதாவது சர்க்கரை ஒட்டினதா, வந்து நின்னா உடனே குதிக்காம எடையயும் ஒரு பார்வை பாருங்க.

மூலக்கூறு எங்க எடுக்கதுன்னு நெறைய பேரு கேப்பாவ. சாறுல என்ன மூலக்கூறு இருக்குன்னு பாக்கற ஜிசி-எம்எஸ் சோதனை ரிப்போர்ட்ட அப்டியே தூக்கி டாக் பண்ணாதீய. அதுல ஆவியாகறதுதான் தெரியும், பைட்டாலும் ஹெக்ஸாடெகனாயிக் ஆசிடும் எந்த இலைய போட்டாலும் வரும், காக்ஸ் குகை கொழுப்பு அமிலம் போறதுக்குன்னே உள்ள குகை, கொழுப்பு அமிலத்த வச்சா உக்காரத்தான் செய்யும், அது கண்டுபிடிப்பு இல்ல. நான் எடுத்தது இம்பாட்ங்கற இந்திய மூலிகை தரவுத்தளத்துலேருந்து, சென்னை தரமணில கணித அறிவியல் நிறுவனம் இருக்குல்லா, அங்க அரீஜித் சமல் குழு செஞ்சது. ரெண்டாவது பதிப்புல 4010 இந்திய மருத்துவச் செடி, 17,967 மூலக்கூறு, எந்தச் செடி, அதுல இலையா வேரா பட்டையான்னு வரைக்கும் பிரிச்சி வச்சிருக்காவ, முப்பரிமாண வடிவத்தையும் எறக்கிக்கிடலாம், எல்லாம் சும்மா. நம்ம ஆச்சி இலைய அரைச்சாளா வேர இடிச்சாளாங்கறது முக்கியம்னு நெனைச்சி செஞ்சிருக்காவளே, அதுக்கே அஞ்சு ஸ்டார் தனியா குடுக்கணும். நொச்சி இலைல உள்ள கேஸ்டிசின எனக்கு கவனிக்கத் தோணினதே அங்க பாத்த பொறவுதான்.

வினாவோட மார்க்க எப்டி படிக்கணும், இதத்தான் யாரும் சொல்லித் தரமாட்டக்காவ. அறை வெப்பத்துல 1.4 கிலோகலோரி வித்தியாசம்னா பிடி ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். வினா கணக்குல வர்ற பிசகு 2லேருந்து 3 கிலோகலோரி வரைக்கும் போகும். அப்டின்னா மைனஸ் 8.9க்கும் மைனஸ் 9.2க்கும் நடுவுல ஒரு வித்தியாசமும் கெடையாது, அத வச்சி இது முதல் ரேங்க் அது மூணாம் ரேங்க்னு தீசிஸ்ல டேபிள் போடுதது தப்பு. போதாக்கொறைக்கு வினா தற்செயலா தேடிப் பாக்கற முறை, ஒரே மூலக்கூற ரெண்டு தடவ ஓட்டினா கொஞ்சம் மாறி வரும். எவ்வளவு அலசித் தேடணும்னு சொல்லுததுக்கு எக்ஸாஸ்டிவ்நெஸ்னு ஒரு எண் இருக்கு, சும்மா விட்டா 8, நான் கடைசிப் பட்டியலுக்கு 32 வச்சி மூணு தடவ ஓட்டுதேன், அந்தத் தற்செயல் தேடல ஆரம்பிச்சி வைக்கற சீட் எண்ணையும் குறிச்சி வைக்கேன். மூணு தடவையும் ஒரே பள்ளத்துல ஒரே மாதிரி உக்காந்தாத்தான் அத பத்தி பேசுவேன்.

செலிகாக்ஸிப், டைக்ளோஃபினாக் மாதிரி தெரிஞ்ச மருந்தையும், அதே எடை, அதே கொணம் உள்ள ஆனா பிடிக்காதுன்னு எடுத்துக்கிட்ட போலி மூலக்கூறையும் கலந்து ஓட்டிப் பாக்கணும். இதுக்குன்னே டியூடி-இன்னு ஒரு தொகுப்பு 2012ல வந்துருக்கு, மருந்து புடிக்கற புரோட்டீன், அதாவது டார்கெட், 102, காக்ஸ்-2ம் அதுல ஒண்ணு. உங்க செட்டப் நெசத்தையும் போலியையும் பிரிக்கலன்னா, உங்க செடி முதல்ல வந்தாலும் அதுக்கு அர்த்தமில்ல. இத பண்ணாம நான் இப்பம் எதையும் மேடத்துக்கு அனுப்புததில்ல.

கொறஞ்ச ஸ்டாருக்கு வாரேன். வினாவுக்கு என்சைம் கல்லு மாதிரி, அசையாது, வேணும்னா ரெண்டு மூணு பக்கக்கைய மட்டும் அசைய விடலாம். மூலக்கூறுல சின்ன வளையங்கள மடக்காது, குடுத்த வடிவத்துலயே வச்சிரும், சப்போனின், டெர்பீன் மாதிரி வளையத்து மேல வளையமா உள்ளதுக்கு நம்ம குடுக்கற ஆரம்ப வடிவம் தப்புன்னா எல்லாமே தப்பு. பெரிய கொறை உலோகம். இரும்ப அது ஹைட்ரஜன் பிணைப்பு குடுக்கற அணு மாதிரிதான் பாக்கும். 5-லிப்பாக்ஸிஜினேஸ்ல வேலை பாக்கறதே இரும்புதான், ஸைல்யூட்டான் மருந்து அந்த இரும்ப புடிக்கறது மூலமா அடைக்குது, அந்த மாதிரி பிடிய வினா மார்க்க நம்பி முடிவு பண்ண முடியாது.

பெட்டி விஷயத்துல எனக்கு கண்ண தெறந்து விட்டதும் அதே 5-லிப்பாக்ஸிஜினேஸ்தான். குந்திரிக்கம் தெரியும்லா, பாஸ்வெல்லியா மரத்துப் பிசின், அதுல ஏகேபிஏன்னு ஒரு அமிலம், மூட்டுவலி மாத்திரைலெல்லாம் சேக்காவ. செல பேரு அத இரும்பு இருக்க பள்ளத்துலயே வச்சி டாக் பண்ணி பேப்பர் போட்டாவ. 2020ல கிரிஸ்டல் வடிவம் வந்தப்பம் பாத்தா, அது அந்தப் பள்ளத்துல இல்லவே இல்ல, புரோட்டீனோட ரெண்டு பெரிய பாகம் சேருத எடுக்குல, சவ்வ ஒட்டுத பக்கத்துக்கும் வேலை பாக்கற பக்கத்துக்கும் நடுவுல, தள்ளி உக்காந்துருக்கு. பெட்டிய எங்க வைக்கோமோ அங்க மட்டும்தான் வினா தேடும். நம்ம கேக்காத எடத்த பத்தி அது வாயே தெறக்காது. சர்வீஸ்காரவ மாதிரி புரோட்டீன் பூரா மூடுனா என்னாகும்னும் ஏற்கனவே பாத்தாச்சி, பெட்டி கொள்ளளவு 27,000 கன ஆங்ஸ்ட்ராம் தாண்டினா வினாவே எச்சரிக்கை போடும், அத படிக்காம தாண்டாதீய.

ஃப்ளேவனாய்டுக்காரவளுக்கு ஒரு வார்த்தை. குவர்செடின், குர்குமின் எல்லாம் எந்த என்சைமுல வச்சாலும் நல்ல மார்க் வாங்கும், டெஸ்ட் டியூப்லயும் எல்லாத்தையும் அடைக்கிற மாதிரி தெரியும், ஏன்னா கூட்டம் கூடி உருண்டையாகி என்சைமயே மேல ஒட்ட வச்சி முடக்கிரும். சோதனைல சோப்பு மாதிரி உள்ள ட்ரைட்டான் எக்ஸ்-100 கொஞ்சோண்டு சேத்துப் பாருங்க, அடைக்கிறது மறைஞ்சிட்டுன்னா அது நெசமான பிடி இல்ல. முட்டை வெள்ளைக்கரு ஆல்புமின கொதிக்க வச்சி கலங்குததான்னு பாத்து அழற்சிய தடுக்குன்னு எழுதுத வழக்கம் நம்ம காலேஜ்ல நெறைய இருக்கு, செலவு கம்மி, அதான் பண்ணுதோம், ஆனா அதுல காக்ஸும் இல்ல லிப்பாக்ஸிஜினேஸும் இல்ல, டாக்கிங்குக்கு அத சாட்சியா வைக்காதீய.

கரண்ட் பத்தியும் சொல்லிருதேன், எங்க ஊருக்காரவளுக்கு உதவும். முன்னூறு மூலக்கூற சாயங்காலம் விளக்கு வைக்கையில ஓட்ட ஆரம்பிச்சா வெள்ளன பால்காரர் வாரதுக்குள்ள முடியும், ஒண்ணுக்கு ரெண்டு ரெண்டரை நிமிஷம். சித்திரை வைகாசில லேப்டாப் ஃபேன் கத்துத கத்துல அம்மா தூங்கமாட்டா, நான் அடுப்படித் தரைல ரெண்டு செங்கல்ல நிறுத்தி, அதுக்கு மேல வச்சி ஓட்டினேன், கீழ காத்து போகணும். ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போயி பேட்டரியும் தீந்தா, ஏற்கனவே முடிஞ்ச மூலக்கூற விட்டுட்டு மிச்சத்துலேருந்து ஆரம்பிக்கற மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் எழுதி வச்சிக்கோங்க, அஞ்சு வரிதான்.

இப்பம் என் பட்டியல்ல இருநூத்தி எழுபதுலேருந்து நாலு மூலக்கூறு நிக்கி. நாலையும் மனுசனோட காக்ஸ்-2, 5கேஐஆர்னு ஒரு வடிவம் இருக்கு, ரோஃபிகாக்ஸிப் உள்ள உக்காந்தது, அதுலயும் வச்சிப் பாத்துட்டேன், காக்ஸ்-1லயும் வச்சிப் பாத்துட்டேன், அதுல ரெண்டு காக்ஸ்-1லயும் அதே மாதிரி உக்காருது, அத ஒளிக்காம எழுதியிருக்கேன். என்சைம் கிட்டு வாங்க மேடம் பணம் கேட்டு எழுதியிருக்காவ, வந்தா காக்ஸ்-1, காக்ஸ்-2 ரெண்டையும் ட்ரைட்டானோட பண்ணணும். அம்மா மாத்திரைய இப்பம் டாக்டர்ட்ட கேட்டு மாத்திருக்கோம், முடக்கத்தான் தோசை வாரத்துக்கு ரெண்டு நாள் சுடுதோம், அது இதுக்காக இல்ல, அவளுக்கு அது புடிக்கும்.

வாங்கணும்னு ஒண்ணுமில்ல, 1.2க்கு மேல உள்ள பதிப்ப எறக்குங்க, காசு கேட்டு வாரவகிட்ட முதல்ல ரீடாக்கிங் ஃபைலையும் பெட்டி அளவையும் கேளுங்க, குடுக்கலன்னா விட்டுருங்க. ஹீம அழிக்காம 1சிஎக்ஸ்2வ தயார் பண்ணுததுக்கும், பாதில நின்னா திரும்ப ஓட்டுததுக்கும் நான் எழுதின ஸ்க்ரிப்ட் இருக்கு, வேணும்ங்கறவ கேளுங்க, அனுப்பித் தாரேன்.